ரைபிள் திரும்பி வந்து உட்காரும் இடம்

கன்னியாகுமரிக் கடற்கரையில் நின்று பார்த்தால் விவேகானந்தர் பாறை மிக அருகில் இருப்பதாகவே தோன்றும். ஆனால் கரைக்கும் பாறைக்கும் இடையே சுமார் அரை கிலோமீட்டர் கடல் கிடக்கிறது. அந்தத் தூரத்தை ஏறக்குறைய இரண்டு மடங்காக்கினால் ஆயிரம் கெஜம், அதாவது 914 மீட்டர். அவ்வளவு தொலைவில் ஒரு தாள் இலக்கை நிறுத்தி, மேசை முன் அமர்ந்து, ரைபிளின் முன்பகுதியை ஒரு தாங்கியிலும் பின்பகுதியை ஒரு மணல் பையிலும் வைத்துச் சுடுகிறார்கள். ஐந்து குண்டுகளும் ஒன்றுக்கொன்று எவ்வளவு நெருக்கமாக விழுகின்றன என்பதுதான் போட்டி. இதற்கு லாங் ரேஞ்ச் பெஞ்ச்ரெஸ்ட் என்று பெயர். அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் வில்லியம்ஸ்போர்ட் என்ற ஊரில் 1967-இல் இதற்கென்றே ஒரு கிளப் தொடங்கினார்கள். 2007-இல் ஒஹையோவில் டாம் சார்வர் என்பவர் ஐந்து குண்டுகளை 1.403 அங்குலத்துக்குள் சேர்த்தார். அந்தச் சாதனையும் பிறகு முறியடிக்கப்பட்டுவிட்டது.

நான் நாகர்கோவிலை அடுத்த கோணம் என்ற ஊரில் ஒரு சிறிய லேத் பட்டறை வைத்திருக்கிறேன். அதற்கு முன் பிரிஸ்பேனில் மெஷினிஸ்டாக வேலை பார்த்தேன். அங்கேதான் இந்த விளையாட்டு என்னைப் பிடித்துக்கொண்டது. முதலில் ஆஸ்திரேலியர்களுக்குப் பிரியமான 500 மீட்டர் ‘ஃப்ளை’ போட்டி. இலக்கின் நடுவே ஒரு ஈ வரைந்திருக்கும். பிறகு ஆயிரம் கெஜம். ஊருக்குத் திரும்பிய பின் அந்தப் பெரிய ரைபிள்களோடு தொடர்பு விட்டுப்போயிற்று. இப்போது தென்னந்தோப்பில் ஒரு சிமெண்ட் மேசை போட்டு, பின்னால் உயரமாக மண்மேடு கட்டி, 25 மீட்டரில் ஏர் ரைபிள் சுடுகிறேன். 4.5 மில்லிமீட்டர் துளையும் 20 ஜூலுக்கு மிகாத சக்தியும் கொண்ட ஏர் ரைபிளுக்கு நம் நாட்டில் உரிமம் தேவையில்லை என்பதால் இந்த அளவுக்காவது முடிகிறது.

சித்தப்பா மகன் ஒருவன் பிரிஸ்பேனிலேயே தங்கிவிட்டான். அவனை இந்தப் பழக்கத்துக்குள் இழுத்துவிட்டதும் நான்தான். சமீபத்தில் அவன் கேட்டான்: “அண்ணே, புதிதாக ஒரு முன்தாங்கி வாங்கப் போகிறேன். ஜாய்ஸ்டிக் வைத்ததை வாங்கட்டுமா, சக்கரம் வைத்ததை வாங்கட்டுமா?” எல்லோரும் இந்தக் கேள்வியில்தான் தொடங்குகிறார்கள். கடையில் கண்ணுக்குத் தெரியும் வித்தியாசம் அது ஒன்றுதான். ஆனால் கேட்க வேண்டிய கேள்வி அதற்கு முன்னால் இருக்கிறது. சுட்ட ரைபிள் பின்னால் போய்விட்டு, மறுபடி முன்னால் தள்ளும்போது, இருந்த இடத்திலேயே வந்து உட்காருகிறதா? ஒரு முன்தாங்கியின் வேலை அவ்வளவுதான். மற்றதெல்லாம் வசதி. அவனுக்குத் தொலைபேசியில் சொன்னதைக் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன்.

கணக்கைப் பார்த்துவிடலாம். முன்தாங்கிக்கும் பின்பைக்கும் இடையே 75 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். பின்பை அசையவில்லை, முன்பக்கம் மட்டும் 0.05 மில்லிமீட்டர் பக்கவாட்டில் நகர்ந்தது. அது ஒரு நோட்டுத் தாளின் பாதித் தடிமன். 25 மீட்டரில் என் ஏர் ரைபிளுக்கு இதனால் வரும் விலகல் ஒன்றரை மில்லிமீட்டருக்குச் சற்று அதிகம். 914 மீட்டரில் அதே நகர்வு 6 சென்டிமீட்டர் ஆகிவிடும். ரைபிளின் மேல் பொருத்திய தொலைநோக்கியான ஸ்கோப்பில் பார்த்துச் சரிசெய்யலாமே என்று தோன்றும். சரிசெய்யலாம், செய்யவும் வேண்டும். ஆனால் விசையை இழுக்கும் கணத்திலும் அதற்குப் பின்னும் நடப்பதை எந்தக் கண்ணாலும் சரிசெய்ய முடியாது.

அதற்குப் பின் என்று சொல்வது காரணத்தோடுதான். குண்டு குழலுக்குள் ஓடிக்கொண்டிருக்கும்போதே ரைபிள் பின்னால் நகரத் தொடங்கிவிடுகிறது. ஆயிரம் கெஜ பெஞ்ச்ரெஸ்டில் லைட் கன் என்ற எடை குறைந்த ரைபிள் பிரிவில் அனுமதிக்கப்படும் உச்ச எடை 17 பவுண்ட், சுமார் 7.7 கிலோ. குண்டு 7 கிராமுக்குச் சற்றுக் குறைவு, குழல் 70 சென்டிமீட்டர் என்று கொண்டால், குண்டு வாயைவிட்டு வெளியேறும் நேரத்துக்குள் ரைபிள் ஏறத்தாழ முக்கால் மில்லிமீட்டர் பின்னால் வந்திருக்கும். வெடிமருந்தின் எடையையும் சேர்த்து, பள்ளியில் படித்த உந்த அழிவின்மை விதியைப் போட்டாலே இந்த எண் வந்துவிடும். அந்த முக்கால் மில்லிமீட்டர் பயணம் ஒவ்வொரு முறையும் ஒரே கோட்டில் நடக்க வேண்டும். ஒருமுறை பையின் இடதுபக்கத்தில் கொஞ்சம் அதிகமாக உரசியது, அடுத்த முறை உரசவில்லை என்றால் இரண்டு குண்டுகளும் வேறு வேறு வழியில் போகும். அதனால்தான் முன்தாங்கியை வெறும் ஸ்டாண்ட் என்று யாராவது சொன்னால் எனக்கு மனம் ஒப்புவதில்லை. அதுவும் துப்பாக்கியின் ஓர் உறுப்பு.

இந்தச் சிக்கல் புதியதும் அல்ல. எங்கள் மாவட்டத்துப் புலியூர்க்குறிச்சியில் உதயகிரிக் கோட்டை இருக்கிறது. 1741 குளச்சல் போரில் மார்த்தாண்ட வர்மாவிடம் பிடிபட்டு, பிறகு அவருடைய படைக்கே தளபதியான டிலனாய் அந்தக் கோட்டைக்குள்தான் பீரங்கி வார்க்கும் பட்டறை நடத்தினார். அவருடைய கல்லறையும் அங்கேயே இருக்கிறது. அந்தக் காலத்துப் பீரங்கி வெடித்தால் வண்டியோடு பின்னால் உருண்டுபோகும். ஆட்கள் சேர்ந்து அதை முன்னால் தள்ளி, மறுபடியும் குறிபார்த்து நிறுத்த வேண்டும். ஒவ்வொரு குண்டுக்கும் இதே பாடு. 1897-இல் பிரெஞ்சுக்காரர்கள் 75 மில்லிமீட்டர் பீரங்கியைக் கொண்டுவந்தபோதுதான் நிலைமை மாறியது. வண்டி நின்ற இடத்திலேயே நிற்க, குழல் மட்டும் பின்னால் சறுக்கி, தானாகவே பழைய இடத்துக்குத் திரும்பியது. சுடும் வேகம் பலமடங்கு கூடியது. பெஞ்ச்ரெஸ்ட் மேசையில் நாம் கேட்பதும் அந்தத் திரும்பி வருதலைத்தான். எண்ணெய்க்கும் காற்றழுத்தத்துக்கும் பதிலாக இங்கே தோல், மணல், நம் கை.

இனி அவன் கேட்ட கேள்விக்கு வருகிறேன். சக்கரத் தாங்கி என்பது மூன்று கால் அடித்தளம், நடுவில் மரை வெட்டிய தடித்த தண்டு, அதன் மேல் பக்கவாட்டில் நகரும் தட்டு, தட்டின் மேல் மணல் பை. உயரத்துக்கு ஒரு சக்கரம், பக்கவாட்டுக்கு ஒரு திருகு. ஒரு சமயத்தில் ஒன்றைத்தான் திருப்ப முடியும். திருப்பிவிட்டுக் கையை எடுத்தால் விட்ட இடத்தில் நிற்கும். ஜாய்ஸ்டிக் தாங்கியில் ஒரே ஒரு நீண்ட கம்பி சுடுபவரை நோக்கி நீண்டிருக்கும். அதை எந்தப் பக்கம் அசைத்தாலும் மேல்தட்டு மேலும் கீழும் பக்கவாட்டிலும் ஒன்றாக நகரும். வலக்கைக்காரர் இடக்கையால் கம்பியைப் பிடித்தபடி ஸ்கோப்பிலிருந்து கண் எடுக்காமலே, அதற்குள் குறியைக் காட்டும் குறுக்குக்கோட்டை நகர்த்தலாம். அமெரிக்காவின் ஃபார்லி இந்த வகையில் வெகுகாலமாகப் பேர்பெற்றது. இந்தோனேசியாவின் செபாஸ்டியன் லம்பாங் செய்யும் ‘செப்’ தாங்கிகள் பிறகு வந்து உலகெங்கும் பரவின. நம் பக்கத்துக் கடல் நாட்டுக்காரர் ஒருவர் செய்த தாங்கியை ஐரோப்பியரும் அமெரிக்கரும் தேடி வாங்குகிறார்கள் என்பதில் பட்டறைக்காரனான எனக்குத் தனி மகிழ்ச்சி உண்டு.

எது நல்லது என்பது எந்தப் போட்டிக்கு என்பதைப் பொறுத்தது. எஃப் கிளாஸ் போட்டியில் தரையில் படுத்துச் சுடுவார்கள். அதன் ஓப்பன் பிரிவில் முன்தாங்கிக்கு அனுமதி உண்டு. அங்கே ஒவ்வொரு குண்டு விழுந்ததும் இலக்கை இறக்கி, விழுந்த இடத்தில் அடையாளம் வைத்து, மறுபடி ஏற்றிக் காட்டுவார்கள். அதைப் பார்த்து, காற்றைப் பார்த்து, அடுத்த குண்டுக்குக் குறியைத் தள்ளிப் பிடிக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் குறி இடம் மாறுவதால் அங்கே ஜாய்ஸ்டிக் கைக்கு வந்த வரம். ஆயிரம் கெஜ பெஞ்ச்ரெஸ்ட் வேறு மாதிரி. முதலில் ஒத்திகைக் குண்டுகளுக்கு நேரம் தருவார்கள். விழுந்த இடத்தையும் காட்டுவார்கள். பதிவுச் சுற்று தொடங்கிய பின் எதுவும் காட்டமாட்டார்கள். அவ்வளவு தூரத்தில் ஓட்டையை ஸ்கோப்பில் பார்ப்பதும் அரிது. அதனால் பலர், காற்று ஒரே நிலையில் இருக்கும் அந்தச் சிறு இடைவெளிக்குள் ஐந்து குண்டுகளையும் கடகடவென்று அனுப்பிவிடப் பார்க்கிறார்கள். குறியை மாற்றுவது அங்கே முக்கியமில்லை. மாறாமல் இருப்பதுதான் முக்கியம்.

காற்று நிலை என்றால் என்ன என்று தெரிய வேண்டுமானால் ஜூன் முதல் செப்டம்பருக்குள் ஆரல்வாய்மொழிக்கு வாருங்கள். மேற்குத் தொடர்ச்சி மலையின் இடைவெளி வழியாகத் தென்மேற்குக் காற்று பிதுங்கி வரும் இடம் அது. முப்பந்தல் காற்றாலைகளெல்லாம் அங்கே முளைத்தது அதனால்தான். ஒரு மூங்கில் குச்சியில் நாடாத் துணியைக் கட்டி நட்டுவிட்டுச் சும்மா பார்த்துக்கொண்டிருங்கள். காற்று ஒரே சீராக வீசுவதாக உடம்புக்குத் தோன்றும். நாடாவோ எழும், தளரும், சற்றுத் திரும்பும், மறுபடி எழும். ஆயிரம் கெஜத்தைக் கடக்க குண்டுக்கு ஒன்றரை நொடி வரை ஆகிறது. மணிக்கு 16 கிலோமீட்டர் வேகத்தில் குறுக்கே வீசும் காற்று அந்த நேரத்துக்குள் ஒரு 6 மில்லிமீட்டர் குண்டை ஒன்றரை மீட்டருக்கும் மேல் தள்ளிவிடும். அந்தக் காற்று கால்வாசி தளர்ந்தாலே குண்டு விழும் இடம் முழங்கை நீளம் மாறும். அதனால் நாடா ஒரே கோணத்தில் நிற்கும் நேரம் சுடுபவருக்குத் தங்கம். அந்த நேரத்தில் சக்கரத்தைத் திருப்பிக் குறியைத் தேடிக்கொண்டிருந்தால் தங்கம் கைநழுவிவிடும்.

இதைச் சொன்னதும், “அப்படியானால் வேகத்துக்கு ஜாய்ஸ்டிக்தானே அண்ணே?” என்றான். பாதி சரி. ரைபிள் தானாகவே இடத்துக்கு வந்து உட்காரும்படி எல்லாம் அமைந்துவிட்டால் சக்கரத்தைத் தொடவே தேவையிருக்காது. தள்ளு, பார், சுடு. சின்னத் திருத்தம் தேவைப்பட்டால் ஜாய்ஸ்டிக்கில் இரண்டு திசைக்கும் ஒரே அசைவு போதும். அங்கே அது வெல்கிறது. ஆனால் ஜாய்ஸ்டிக்கின் மேல்தட்டு நிற்பது உராய்வின் பிடியால். பிடியைத் தளர்வாக வைத்தால் கனத்த ரைபிள் மெல்ல அமிழும். இறுக்கினால், கம்பியை அழுத்த அழுத்த நகராமல் இருந்து சட்டென்று தாவும். நல்ல தயாரிப்பாளர்கள் எடையைச் சமன்செய்து, உராயும் பரப்புகளைப் பளபளவென்று தீட்டி, இந்த இரண்டு தொல்லைகளையும் தீர்க்கிறார்கள். விலையில் பெரும்பங்கு அந்த வேலைக்குத்தான் போகிறது. மலிவு ஜாய்ஸ்டிக்கில் அந்த வேலை இருக்காது. கம்பி மட்டும் இருக்கும். என் தீர்ப்பு இதுதான்: கையில் பணம் இருந்தால் நல்ல ஜாய்ஸ்டிக் வாங்கலாம். பணம் குறைவென்றால் நல்ல பழைய சக்கரத் தாங்கி வாங்க வேண்டும். மலிவான ஜாய்ஸ்டிக்கை மட்டும் வாங்கவே கூடாது.

பழையது வாங்குவதில் ஒரு சோதனை இருக்கிறது. சென்ற முறை விடுமுறைக்கு வந்தபோது அவனுடைய கிளப் நண்பர் ஒருவரின் சக்கரத் தாங்கியின் மேற்பாகத்தை மட்டும் கழற்றிப் பெட்டியில் கொண்டுவந்திருந்தான். குண்டுகள் காரணமில்லாமல் கிடைமட்டமாகப் பரவுகின்றன என்பது புகார். சர்ஃபேஸ் பிளேட் என்ற மட்டமான அளவுப் பலகையில் அதை இறுக்கிக் கட்டினேன். நுண்ணிய நகர்வை முள்ளால் காட்டும் டயல் கேஜைக் காந்த அடியில் பொருத்தி, அதன் முனை மேல்தட்டின் பக்கவாட்டில் தொடும்படி வைத்து, முள்ளைச் சுழியத்துக்குக் கொண்டுவந்தேன். ஒரு விரலால் தட்டை மெல்லத் தள்ளினேன். முள் எட்டுக் கோடு நகர்ந்தது, 0.08 மில்லிமீட்டர். விரலை எடுத்தேன். முள் அங்கேயே நின்றது, திரும்பவில்லை. மறுபக்கம் தள்ளினேன். சுழியத்தைத் தாண்டிப்போய் அங்கே நின்றது. அந்த எட்டுக் கோடு ஆயிரம் கெஜ இலக்கில் பத்து சென்டிமீட்டர்.

நகர்வதைவிடத் திரும்பாததுதான் நோய். எந்த இரும்பும் தள்ளினால் கொஞ்சம் வளையும், விட்டால் திரும்பிவிடும். வளைந்து திரும்புவது குற்றமில்லை. தள்ளிய இடத்திலேயே நின்றுவிடுவது ஆட்டம். அந்த மேல்தட்டு, லேத்தின் குறுக்கு ஸ்லைடைப் போலவே புறாவால் போல அடியில் விரிந்த ஒரு டவ்டெயில் பள்ளத்தில் ஓடுகிறது. பக்கத்தில் இடைவெளியை அடைக்க ஒரு மெல்லிய கிப் பட்டை, அதை அழுத்தச் சிறிய திருகாணிகள். பல வருட அதிர்ச்சியில் திருகாணிகள் தளர்ந்திருந்தன. பள்ளத்தை மண்ணெண்ணெயில் கழுவி, பட்டையைத் தேய்த்துச் சீராக்கி, திருகாணிகளைச் சிறிது சிறிதாக இறுக்கிக்கொண்டே டயலைப் பார்த்தேன். முள் இரண்டு கோடு போய்ச் சுழியத்துக்குத் திரும்பும் நிலை வந்ததும் லாக் நட்டைப் பூட்டினேன். சக்கரத்தைத் திருப்பும்போது கையில் தெரியும் ஆட்டம் வேறு விஷயம். அது மரையின் இடைவெளி; ரைபிளின் எடை அதை ஒரு பக்கமாக அழுத்தி வைத்திருக்கும் வரை பயமில்லை. வாங்கப் போகிறவர்கள் சக்கரத்தை ஆட்டிப் பார்த்துவிட்டு நல்ல தாங்கியை ஒதுக்குகிறார்கள். மேல்தட்டைத் தள்ளிப் பார்க்காமல் கெட்டதை வாங்குகிறார்கள். டயல் கேஜ் இல்லாதவர் ரைபிளை ஏற்றி, ஸ்கோப்பைக் கூடுதல் பெருக்கத்தில் வைத்து, தட்டை விரலால் தள்ளி விட்டுப் பார்த்தால் போதும். குறுக்குக்கோடு பழைய புள்ளிக்குத் திரும்ப வேண்டும்.

அடித்தளத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கனமாக இருக்க வேண்டும், கால்கள் அகலமாக விரிந்திருக்க வேண்டும், கனம் தாழ்வாக இருக்க வேண்டும். நான் வாங்குவதானால் பத்துக் கிலோவுக்குக் குறைந்து பார்க்கமாட்டேன். தூக்கிச் செல்லச் சிரமம்தான். ஆனால் அலுமினியத்தில் இலேசாகச் செய்தது காரில் இருக்கும்போது மட்டுமே நன்றாக இருக்கிறது. உயரத்தைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். படுத்துச் சுடும் போட்டிக்கான குட்டைத் தாங்கியை வாங்கி, மேசைக்குப் போதாமல் நடுத்தண்டை முழுக்க வெளியே இழுத்து வைத்துச் சுடுகிறவர்கள் உண்டு. தண்டு எவ்வளவு வெளியே நீள்கிறதோ அவ்வளவு நெகிழும். உங்கள் மேசையில், உங்கள் உட்காரும் உயரத்தில், தண்டு கிட்டத்தட்ட அடியிலேயே இருக்கும்படியான தாங்கிதான் உங்களுக்கானது. கால்களின் நுனி கூராக இருந்தால் மரமேசையில் கடித்துக்கொள்ளும். சிமெண்ட் மேசையில் சுடச்சுட ஊர்ந்து போகும். அதற்குக் குழிவெட்டிய எஃகு வட்டுகளைக் கீழே வைப்பார்கள். நான் என் மேசைக்கு லேத்தில் கடைந்துகொண்டேன். தாங்கியை வைத்ததும் கொத்தனார் வைத்திருக்கும் சின்ன ரசமட்டத்தை மேல்தட்டில் வைத்துச் சமன் பார்த்துவிடுவது நல்லது. தட்டு சாய்ந்திருந்தால் ரைபிள் பின்னால் போகும்போதே உருளப் பார்க்கும்.

மேலே இருக்கும் முன்பை ரைபிளின் அடிப்பலகைக்கு, அதாவது ஸ்டாக்கின் அடிப்பக்கத்துக்கு, பொருந்த வேண்டும். பல பெஞ்ச்ரெஸ்ட் ஸ்டாக்குகளின் முன்பக்கம் மூன்று அங்குல அகலம், அடி தட்டையாக இருக்கும். பையின் இருபக்க மடிப்புகளும் அதைத் தொட வேண்டும்; நெரிக்கக் கூடாது. ரைபிளை விரல் நுனிகளால் பின்னால் இழுத்தால் பட்டுத்துணியில் போவதுபோல ஒரே சீராக வர வேண்டும். முன்னால் ஒரு நிறுத்துக்கட்டை இருக்கும். ரைபிளை அது தொடும்வரை தள்ளிவிட்டு, ஒரு நூலளவு பின்னிழுத்துச் சுடுவது என் வழக்கம். கட்டையைத் தொட்டபடியே சுடுபவர்களும் நன்றாகச் சுடுகிறார்கள். இரண்டில் ஒன்றைப் பிடித்துக்கொண்டு மாற்றாமல் இருந்தால் சரி.

மணலுக்கு வருகிறேன். குமரிக்காரன் இதைச் சும்மா கடந்துபோக முடியாது. பெஞ்ச்ரெஸ்ட் உலகில் ‘ஹெவி சாண்ட்’ என்று கனமணலைத் தேடித்தேடி வாங்குவார்கள். பெரும்பாலும் அது சிர்கான் என்ற கனிமத்தின் மணல். சாதாரண ஆற்றுமணல் பரலின் அடர்த்தி தண்ணீரைப் போல 2.65 மடங்கு; சிர்கானுடையது 4.6-க்கும் மேல். நாலு லிட்டர் கொள்ளும் ஒரு பின்பையில் சாதாரண மணல் ஆறு கிலோ பிடிக்கும் என்றால் சிர்கான் பதினொரு கிலோவை எட்டும். அதே அளவு பை, அதே உயரம், ஏறக்குறைய இரட்டை எடை. பின்பை மேசையில் வெறுமனே உட்கார்ந்திருப்பது. அதை இறுக்கிப் பிடிக்க எந்தக் கவ்வியும் இல்லை. ரைபிள், அதன் மேல் இருபக்கமும் எழுந்து நிற்கும் காதுகளுக்கிடையே பின்னால் பாயும்போது பையும் கூடவே நகராமல் இருக்க எடைதான் ஒரே வழி.

அந்தச் சிர்கான் மணவாளக்குறிச்சி மணலில் இருக்கிறது. 1909-இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மன் வேதியியலாளர், திருவிதாங்கூரிலிருந்து போன கயிற்றில் ஒட்டியிருந்த மணலில், தோரியம் உள்ள மோனசைட் என்ற கனிமத்தைக் கண்டார். காஸ் விளக்கின் மேன்டிலுக்குத் தோரியம் தேவைப்பட்ட காலம் அது. தேடிவந்து மணவாளக்குறிச்சியில் ஆலை போட்டார்கள். இன்று அங்கே பொதுத்துறை நிறுவனமான ஐ.ஆர்.இ.எல். இல்மனைட், ரூட்டைல், சிர்கான், கார்னெட், மோனசைட் எல்லாவற்றையும் மணலிலிருந்து பிரித்தெடுக்கிறது. குமரிமுனையில் பாக்கெட்டில் போட்டு விற்கும் பலநிற மணலிலும் இந்தக் கனிமங்களின் நிறம்தான். நடக்காமல் போன குமரி அம்மன் கல்யாணத்துக்கு வைத்திருந்த அரிசியும் பருப்பும் அப்படி மணலாகிக் கிடப்பதாக நாங்கள் சின்ன வயதில் கேட்டிருக்கிறோம்.

இதைப் படித்துவிட்டு யாரும் கடற்கரையில் மணல் அள்ளப் போக வேண்டாம். அது சட்டப்படி குற்றம். மோனசைட்டில் தோரியம் இருப்பதால் கதிரியக்கமும் உண்டு. அதைப் பையில் அடைத்துக் கன்னத்துக்குப் பக்கத்தில் வைத்துச் சுடுவது நல்லதல்ல. பிரித்துச் சுத்தம் செய்த சிர்கான் வார்ப்புப் பட்டறைகளுக்குத் தேவையான பொருள். வார்ப்புச் சாமான் விற்பவரிடம் ரசீதோடு கிலோ கணக்கில் வாங்கலாம்; நான் அப்படித்தான் வாங்கினேன். தம்பிக்கு இந்தக் கவலையே இல்லை. உலகில் சிர்கான் அதிகமாக எடுக்கும் நாடுகளில் ஆஸ்திரேலியா முன்வரிசையில் இருக்கிறது. பை நிரப்பும்போது முகக்கவசம் போட்டுக்கொள்ள மட்டும் சொன்னேன். தூசி நுரையீரலுக்கு ஆகாது.

முன்பைக்குக் கனமணல் வேண்டியதில்லை. அதைத் தாங்கியே கவ்விப் பிடித்திருக்கிறது. சலித்துக் கழுவி உலர்த்திய மெல்லிய மணல் போதும். தட்டித்தட்டி நிரப்ப வேண்டும். ரைபிளை வைத்தால் அடிப்பலகை பதிந்து பள்ளம் விழக் கூடாது. பின்பையின் அடி கல் போல இறுகியிருக்க வேண்டும், காதுகளும் விறைப்பாக நிற்க வேண்டும்.

எங்கள் பக்கத்தில் இன்னொரு தொல்லை உண்டு. தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் இரண்டுமே பெய்யும் மாவட்டம் இது. தோல் பையை அலமாரியில் வைத்து மறந்தால் பூசணம் பூத்துவிடும். உள்ளே மணல் ஈரம் இழுத்தால் பை கட்டிதட்டிப் போகும். நான் மழைக்காலம் முடிந்ததும் மணலைக் கொட்டி, இரும்புச் சட்டியில் நன்றாக வறுத்து, ஆறவிட்டு மறுபடி அடைக்கிறேன். சிலர் வழுக்குவதற்காகப் பையில் முகப்பவுடர் தூவுவார்கள். வறண்ட ஊருக்கு அது சரி. இங்கே ஈரக்காற்றில் அது பசையாகி ரைபிளைப் பிடித்து இழுக்கும். அடிப்பலகையில் வழுக்கும் பிளாஸ்டிக் டேப் ஒட்டிக்கொள்வது மேல்.

எல்லாம் வைத்து முடித்த பின் செய்ய வேண்டிய ஒரு சோதனையை இங்கே அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். குண்டறை காலியாக உள்ள ரைபிளைத் தாங்கியிலும் பின்பையிலும் உட்காரவைத்து, ஸ்கோப்பில் ஓர் இலக்கைப் பிடியுங்கள். ரைபிளை நேராக இரண்டு அங்குலம் பின்னால் இழுங்கள், குறுக்குக்கோட்டைப் பார்த்துக்கொண்டே. அது மேலோ கீழோ போகலாம். நேர்கோட்டில் போக வேண்டும். பக்கவாட்டில் சாய்ந்து போனால், ஸ்டாக்கின் முன் அடியும் பின் அடியும் குழலுக்கு நேராக இல்லை, அல்லது பின்பை தாங்கிக்கு நேர்க்கோட்டில் வைக்கப்படவில்லை. முன்னால் தள்ளினால் புறப்பட்ட புள்ளிக்கே வர வேண்டும். வரவில்லையென்றால் எந்த விலையுயர்ந்த தாங்கியாலும் பலனில்லை. முதலில் பின்பையைத் திருப்பி நேராக வையுங்கள். பிறகு காதுகளின் இடைவெளியைப் பாருங்கள். அதன் பிறகும் சரிவரவில்லையென்றால் ஸ்டாக்கைத்தான் திருத்த வேண்டும்.

தம்பி எஃப் கிளாஸும் சுடுகிறான், ஆயிரம் கெஜ பெஞ்ச்ரெஸ்டும் சுடுகிறான். இரண்டுக்கும் ஒரே தாங்கி வேண்டும் என்கிறான். அவனுக்குக் கனமான நல்ல ஜாய்ஸ்டிக்தான் ஏற்றது என்று சொன்னேன். மேசைக்கும் தரைக்கும் உயரம் மாற்றிக்கொள்ளும்படியான தண்டு அதோடு கிடைக்கிறதா என்று தயாரிப்பாளரிடம் எழுதிக் கேட்கச் சொன்னேன். பணம் கட்டுவதற்கு முன், அதே தாங்கி வைத்திருக்கும் ஒருவரைக் கிளப்பில் பிடித்து, தன் சொந்த ரைபிளை அதில் ஏற்றி, பின்னும் முன்னுமாகத் தள்ளிப் பார்த்துவிடச் சொல்லியிருக்கிறேன். அடுத்த ஞாயிறு போகிறானாம். பின்பையைப் புதிதாக வாங்கப் போவதில்லை. இருப்பதையே பிரித்து, சிர்கான் அடைத்து, காதுகளை மறுபடி தைத்துக்கொள்கிறான்.